முகமும் பெயரும்: புதுவை உருவப்படக் கலையும் நமது அடையாளமும்

உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கின் பக்கமாக மாலை வேளையில் நடந்து செல்பவர் முதலில் எதிர்கொள்வது முகங்களைத்தான். பிறந்தநாள் காணும் வட்டாரத் தலைவர், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைக்கும் சிறுமி, மணமக்கள், முதலாமாண்டு நினைவஞ்சலிக்குரிய பெரியவர் என ஆளுயரத்துக்கு மேலான முகங்கள் சாலையோரம் நிற்கின்றன. தமிழகத்திலும் புதுவையிலும் இன்று மிக அதிகமாக உருவாக்கப்படும் உருவப்படம் இந்த அச்சுப் பதாகைதான். கலை விமர்சகர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன் மனிதர்களை எவ்வாறு காட்சிப்படுத்த விரும்புகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறில்லை. நிறம் இரண்டு படி வெளுக்கப்பட்டிருக்கும். கன்னத்தின் தழும்பு துடைக்கப்பட்டிருக்கும். முகத்துக்குப் பின்னே அவர் ஒருநாளும் கண்டிராத பனிமலை ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் முல்லா வீதியை ஒட்டிய முஸ்லிம் குடியிருப்பு. நமது மஹல்லாக்களில் ஒருவர் மறைந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும் முறையை நாம் அனைவரும் அறிவோம். இன்னாரின் மகனும், இன்னாரின் தகப்பனாரும், இன்ன தெருவில் இருக்கும் இன்னாரின் மச்சானுமாகிய இன்னார் வஃபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸாத் தொழுகை அஸருக்குப் பின். அவ்வளவுதான். முகம் இல்லை, மலர்வளையம் இல்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் அந்த மனிதர் உறவுகளின் நடுவே எழுந்து நிற்கிறார். இதுவும் ஓர் உருவப்படமே என்பது என் கருத்து. வண்ணத்துக்குப் பதிலாக உறவுப் பெயர்களால் தீட்டப்பட்ட உருவப்படம்.

இவ்விரு முறைகளுக்கும் இடையில்தான் தமிழ் முஸ்லிம் வாழ்ந்து வருகிறான். முகத்தால் தன்னைச் சொல்லும் ஒரு பண்பாட்டினுள், பெயராலும் சொல்லாலும் தன்னைச் சொல்லும் ஒரு மரபை அவன் சுமந்து நிற்கிறான். புதுவையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த கலைஞர்கள் கோட்டாலும் வண்ணத்தாலும் ஒளியாலும் மனித முகத்தை ஆராய்ந்திருப்பதை இந்தக் கோணத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

*

முகத்தைப் பதிவு செய்வது எப்போதும் அன்பின் செயலாக இருந்ததில்லை. பியர் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் புதுவைப் பகுதியில் தங்கித் திரட்டிய செய்திகளுடன் 1782-இல் பாரிஸில் வெளியிட்ட கிழக்கிந்தியப் பயண நூல், இந்நாட்டு மக்களைத் தொழில்வாரியாகவும் சாதிவாரியாகவும் செதுக்குப் படங்களாக ஐரோப்பியருக்குக் காட்டியது. குயவர், நெசவாளர், துறவி என ஒவ்வொருவரும் ஒரு வகையின் மாதிரியாக நிற்பர். எவருக்கும் பெயர் கிடையாது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் ஆங்கிலேயக் கும்பினி அலுவலர்களுக்காக வரைந்து கொடுத்த தம்பதியர் படத் தொகுதிகளும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. கணவனும் மனைவியும் தத்தம் தொழிற்கருவியுடன் நிற்பார்கள். பக்கத்தைப் புரட்டினால் அதே முகங்கள் வேறு உடையில் தோன்றும்.

அடுத்த நூற்றாண்டில் இப்பணியை ஒளிப்படக் கருவி ஏற்றுக்கொண்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கில நூலும், 1909-இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளும் இதன் உச்சங்கள். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகச் சென்றவர். மரக்காயர், லெப்பை, ராவுத்தர், சோனகர் என நமது முன்னோரும் அகரவரிசைப்படி அத்தொகுதிகளில் இடம்பெற்றுள்ளனர். அவற்றைப் படிக்கும் தமிழ் முஸ்லிமுக்கு ஒரு விந்தையான உணர்வு ஏற்படும். தன் பாட்டனாரின் உடை, உணவு, மணச்சடங்கு எல்லாம் அங்கே உண்டு. பாட்டனார் மட்டும் இல்லை.

இந்த வகைமாதிரி மரபைக் கலையின் ஆயுதத்தாலேயே எதிர்கொண்டவர் பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா. 2000 முதல் 2004 வரை ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: பழக்கங்களும் வழக்கங்களும்' என்னும் படவரிசை, தலைப்பிலேயே பழைய இனவரைவு நூல்களைப் பகடி செய்கிறது. ரவிவர்மாவின் இலக்குமியாகவும், நிலவொளியில் அமர்ந்த பெண்ணாகவும், வேளாங்கண்ணி மாதாவாகவும், கட்டமிட்ட அளவுத்திரைக்கு முன் நிறுத்தப்பட்ட தோடர் பெண்ணாகவும், செய்தித்தாளில் வந்த கைதிப் பெண்ணாகவும் அவரே வேடமிட்டு நிற்கிறார். பிஜாப்பூர் சுல்தான்களின் அரண்மனை ஓவியத்து யோகினியும் அவற்றுள் ஒருத்தி. ஒரே முகம் எல்லா வகைகளையும் ஏற்று நடிக்கும்போது வகைப்படுத்தலின் அபத்தம் வெளிப்பட்டு விடுகிறது. தோடர் பெண்ணின் படத்தில் அளவுத்திரையின் கட்டங்கள் சற்றும் அசையாமல் நிற்க, அவற்றுக்கு முன் நிற்கும் கண்களில் மட்டும் ஒரு கேலி ஓடுவதைக் கவனித்தவர் மறக்கமாட்டார்.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இவ்வரிசையின் முதன்மைப் படங்கள் பத்திலும் தென்னிந்திய முஸ்லிம் பெண் என எவரும் இல்லை. யோகினி முஸ்லிம் அரண்மனையில் பிறந்தவள், முஸ்லிம் வீட்டில் பிறந்தவள் அல்லள். இதைக் கலைஞரின் ஓரவஞ்சனை என்று கூறமாட்டேன். அவர் பகடி செய்வதற்கு முன்மாதிரியாக ஒரு புகழ்பெற்ற படம் வேண்டும். தமிழ் முஸ்லிம் பெண்ணுக்கு அத்தகைய படம் ஏதும் பொதுநினைவில் இல்லை என்பதே உண்மை. பகடிக்குக்கூடக் கிடைக்காத அளவுக்கு நாம் காட்சியுலகின் வெளியே இருந்திருக்கிறோம்.

*

புதுவையில் அடையாளம் என்ற சொல்லுக்கு ஏட்டுப் பொருளுக்கு அப்பாலும் எடை உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, தம் மதவழித் தனியார் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போர் புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்றது. காலணியுடன் நீதிமன்றத்தில் நுழையும் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லாப்போர்த்' ஆனார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் கதவு என்று பொருள். இவ்வாறு பெயர் மாறியோருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். ஷரீஅத் சார்ந்த தனியார் சட்டத்தைக் கைவிட முஸ்லிம்கள் முன்வந்தது அரிது. பின்னர், 1962 ஆகஸ்ட் 16-இல் ஆட்சி மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என வகுக்கப்பட்டது. ஒரே வீட்டில் தமையன் இந்தியராகவும் தம்பி பிரெஞ்சுக்காரராகவும் ஆன கதைகள் இவ்வூரில் ஏராளம். அடையாள அட்டையில் ஒட்டப்படும் இரண்டு விரற்கடை அளவுப் படமே பலருக்கும் வாழ்வில் எடுத்துக்கொண்ட ஒரே உருவப்படம்.

கடல் கடந்த வணிகமும் இதில் சேரும். காரைக்கால், புதுவை முஸ்லிம்கள் பிரெஞ்சு இந்தோசீனத்தில் வணிகம் செய்தவர்கள். சைகோன் நகரின் நடுவே 1935-இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. கடவுச்சீட்டு வேண்டுமென்றால் முகம் காட்டியே ஆகவேண்டும். ஹஜ் பயணத்துக்கும் அப்படியே. ஒளிப்படம் கூடுமா என்னும் விவாதம் நம் ஊர்ப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அப்பள்ளிகளின் இமாம்கள் படம் எடுத்துக்கொண்டு மக்கா சென்று திரும்பியிருந்தனர்.

விவாதத்தின் சுருக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். உருவம் சமைப்போரைக் கண்டிக்கும் நபிமொழிகள் பல உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, ஒளிப்படம் என்பது புதிதாக ஓர் உருவைப் படைப்பதாகாது, இருக்கும் ஒன்றின் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என வாதிட்டுத் தனி நூல் எழுதினார். அவருக்கு முன்னர் முஹம்மது அப்துஹு, வழிபாட்டு அச்சம் நீங்கிய இடத்தில் ஓவியத்தின் பயனை ஏற்றுக் கருத்துரைத்தார். மறுத்தோரும் பலர், இன்றும் மறுப்போர் உளர். இக்கட்டுரை அவர்களிடையே தீர்ப்புக் கூற வரவில்லை. கலை விமர்சனத்துக்கு வேண்டிய செய்தி வேறொன்று.

தமிழ் வீட்டில் முன்னோரின் படம் சுவரில் மாட்டப்படுகிறது. மாலை சூட்டப்படுகிறது, விளக்கும் ஏற்றப்படுகிறது. படம் அங்கே வெறும் நினைவுப் பொருள் ஆகாமல் வணக்கத்தின் வாசல்வரை சென்று விடுகிறது. முஸ்லிம் வீட்டின் சுவரில் கஅபாவின் படமோ ஆயத்துல் குர்ஸியோ தொங்கும். பாட்டனாரின் படம் இல்லாமல் இல்லை. அலமாரியில், துணிமணிகளுக்கு அடியில், கடிதக்கட்டுகளோடு இருக்கும். உருவப்படம் உண்டா இல்லையா என்பதைவிட, அது சுவரில் இருக்கிறதா பெட்டியில் இருக்கிறதா என்பதே இவ்விரு வீடுகளையும் வேறுபடுத்துவது. இந்த வேறுபாட்டின் விளைவு பாரதூரமானது.

*

1955-இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், கோயில்களின் ஒளிப்படத் தொகுப்புக்கும் சைவ ஓலைச்சுவடிகளுக்கும் உலகப் புகழ் பெற்றது. அதே நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி என்னும் ஆய்வாளரின் முயற்சியால், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் துணையுடன், தமிழகத்துப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைத் தேடித் திரட்டி எண்மமாக்கும் பணி நடந்தது. தன்னையும் குடும்பத்தையும் காட்சிப்படுத்தல் என்பது அத்திட்டத்தின் பொருள். ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுகளை அது தன் எல்லையாகக் கொண்டது. தமிழகத்தில் உருவப்படக் கலை பற்றி இதுவரை நடந்த முயற்சிகளுள் மிகவும் போற்றத்தக்கதாக இதையே நான் கருதுகிறேன். ரவிவர்மாவையும் சோழமண்டலத்தையும் பற்றி நூல்கள் குவிந்த நாட்டில், கும்பகோணத்திலும் மதுரையிலும் கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்து மூன்று தலைமுறை மக்களின் முகங்களைப் பதிந்த கலைஞர்களைப் பற்றி எண்ணிப் பார்க்க ஆளில்லாமல் இருந்தது.

அந்தக் கலைஞர்களின் செய்நேர்த்தி சாதாரணமானதன்று. வரைந்த திரை, வளைகால் முக்காலி, காகிதப் பூச்சாடி ஆகிய சில பொருள்களைக் கொண்டே ஓர் அரண்மனையை உருவாக்கினார்கள். கண்ணாடித் தகட்டின் மீது கூர்முனைப் பென்சிலால் அம்மைத் தழும்புகளை நிரப்பினார்கள். அச்சிட்ட படத்தில் சேலைக் கரைக்கு மட்டும் கையால் வண்ணமிட்டார்கள். பூப்பெய்திய பெண்ணை ஆளுயரக் கண்ணாடிக்கு முன் அமர்த்தி, முகமும் பின்னலில் தைத்த பூவும் ஒருங்கே தெரியுமாறு எடுத்த படம் தமிழ்நாட்டு நிலையங்களின் சிறப்புப் படிமம். ஓர் உடலை இருபுறமும் ஒரே சட்டகத்தில் காட்ட வேண்டும் என்னும் சிக்கலுக்கு நம் ஊர் நிலையக் கலைஞன் கண்ட எளிய தீர்வு அது. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, சுற்றத்தார் சூழ எடுத்த படங்களும் கிடைத்துள்ளன. உயிரோடிருந்தபோது படம் எடுக்க வாய்க்காத ஒருவரின் முகத்தை மண்ணுக்கோ நெருப்புக்கோ விட்டுக்கொடுக்குமுன் ஒருமுறை பிடித்து வைத்துக்கொள்ளும் ஆவல் அவற்றில் தெரிகிறது.

இப்படங்களுள் பெரும்பகுதி அழிந்தது. பழைய கண்ணாடித் தகடுகள் கழுவி விற்கப்பட்டன. வெள்ளிச் சத்துக்காகச் சுரண்டப்பட்டன. நிலையத்தார் கடையை மூடியபோது குப்பையில் சேர்ந்தன. எஞ்சியிருப்பனவற்றுள் சுவரில் மாட்டப்பட்ட படங்களே மிகுதி. பெட்டிக்குள் வாழ்ந்த படங்கள் பெட்டியோடு போயின. எனவே ஒரு நூற்றாண்டுத் தமிழ் முகங்களின் ஆவணத்தைத் திரட்ட முற்படும் எவருக்கும் முஸ்லிம் முகங்கள் குறைவாகவே கிட்டும் என்பதைக் கணக்கின்றியே ஊகிக்கலாம். எவருடைய பகைமையாலும் நேர்ந்ததன்று இது. நமது பேணுதலின் விளைவு.

நமது படங்களைத் தேடியெடுத்து ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாமே எனக் கேட்கலாம். நானும் சில காலம் அவ்வாறே கூறி வந்தேன். இப்போது அத்தனை உறுதியாகக் கூற இயலவில்லை. எண்மமாக்கப்பட்ட படம் உலகில் எவரும் காணக்கூடியது. தன் கணவனும் மக்களும் மட்டுமே காண்பார்கள் என்னும் நம்பிக்கையில் முக்காட்டை ஒருகணம் தளர்த்தி அமர்ந்த ஒரு பெண்ணின் படம், அவருடைய பேரனின் கையில் அமானிதமாக இருக்கிறது. அமானிதத்தை அதற்குரியவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை. உரியவர் மறைந்துவிட்டார். வரலாற்றின் பெயரால் பேரன் அதை வெளியிடலாமா? வெளியிடாவிட்டால் அந்தப் பெண்மணி வாழ்ந்ததற்கே சான்று இல்லாமற் போகுமே? ஆவணக் காப்பாளரின் நியாயமும் பேரனின் தயக்கமும் ஒன்றையொன்று வெல்ல முடியாதவை. ஆண்களின் படங்களை முதலில் கொடுப்பது, பெண்களின் படங்களை நகலெடுத்துக் குறிப்பிட்ட காலம்வரை மூடி வைப்பது போன்ற நடைமுறைகளை யோசிக்கலாம். ஆனால் ஆண்களின் முகங்கள் மட்டுமே எஞ்சிய ஒரு சமூகத்தின் வரலாறு எத்தகையதாக இருக்கும் என்பதையும் உடன் யோசிக்க வேண்டும்.

*

ஓவியர்களிடம் வருவோம். புதுவை வட்டாரத்தின் கைவினை மரபுகளான வில்லியனூர்ச் சுடுமண் உருவங்களும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவற்றின் அழகு வேறு. அவை தனிமனிதரைத் தேடுபவை அல்ல என்பதால் இங்கு விரிக்கவில்லை.

தனிமனித முகத்தைக் கோட்டினால் தேடியவர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவிய வரிசையில், ஒரே முகம் இளமையிலிருந்து முதுமைவரை ஓடிக் கரைகிறது. தொடக்கப் படங்களில் முகம் கோடுகளால் அடர்ந்திருக்கும். போகப்போகக் கோடுகள் குறைந்து, மூக்குக்கண்ணாடியும் வளைந்த முதுகும் ஊன்றுகோலுமே எஞ்சும். முகத்தை விட்டுவிட்டாலும் ஆள் அடையாளம் தெரியும் நிலையை அவர் எட்டினார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்த முகங்களும் அவ்வாறே: ஊரார் என்னும் கூட்டம் அங்கே இல்லை, ஒவ்வொரு கிழவனுக்கும் தனித்த தாடை உண்டு.

அந்தக் கி.ரா. தம் பிற்காலம் முழுவதும் புதுவையில் வாழ்ந்து 2021 மே மாதம் இங்கேயே மறைந்தார். அவருடைய முகத்தைத் தமிழ் வாசகர் மனத்தில் நிலைநிறுத்தியவர் ஒளிப்படக் கலைஞர் புதுவை இளவேனில். எழுத்தாளர்களைத் தொடர்ந்து படமெடுத்தவர் அவர். எழுத்தாளர் என்றால் கன்னத்தில் கை, பின்னால் நூலடுக்கு என்றிருந்த பழைய வாய்பாட்டை அவர் விட்டொழித்தார். கருப்பு வெள்ளையில் தோலின் சுருக்கங்கள் உழுத நிலம்போலத் தெரியும் கி.ரா.வின் படங்களில், பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் கைகள் முகத்துக்கு நிகரான பங்கு பெறுகின்றன. ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் பழகிய பின்னரே வாய்க்கும் படங்கள் அவை. பதாகை துடைத்தெறியும் சுருக்கங்களை இந்தக் கலைஞர் தேடிச் செல்கிறார். என் நோக்கில் ஒரே குறை, எழுத்தாளர்கள் சில படங்களில் ஞானியராக உயர்ந்து விடுகிறார்கள் என்பது. ஒளி அளவுக்கு மீறிப் பணிவு காட்டுகிறது.

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் 1979-இல் பிறந்து, 2021 ஜூனில் பெருந்தொற்றுக்குப் பலியான எஸ். இளையராஜா, எண்ணெய் வண்ணத்தில் தமிழ்க் கிராமப் பெண்களை வரைந்து பெரும்புகழ் பெற்றவர். சன்னலோர ஒளியில், அடுப்படியில், கோயில் தூணருகில் அமர்ந்திருக்கும் மாநிறப் பெண்கள் அவர்கள். சிவந்த மேனியே அழகு என்று விளம்பரங்கள் அலறிய காலத்தில் கறுத்த தோலின் மீது ஒளி விழும் விதத்தை அத்தனை பொறுமையுடன் வரைந்தது ஒரு சமூகச் செயல் என்பதில் ஐயமில்லை. ஒளிப்படமோ என வியந்தோர் பலர். அந்த வியப்பிலேயே நின்றுவிட்டதுதான் அவருக்கு நேர்ந்த அநீதி. ஆயினும் அப்படங்களைப் பலமுறை பார்த்தபின் ஒரு கேள்வி எழுகிறது. இப்பெண்களின் பெயர் என்ன? அவர்களுள் பலர் ஓவியரின் உறவினர் என்கிறார்கள். படமோ அதை மறைத்து, மறைந்துகொண்டிருக்கும் ஒரு கிராமத்தின் ஏக்கமாக அவர்களை மாற்றிவிடுகிறது. சொன்னராவின் இகழ்ச்சி இங்கே அறவே இல்லை, பேரன்பு இருக்கிறது. இருந்தும் வகைமாதிரியின் நிழல் முற்றிலும் நீங்கவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து திருவண்ணாமலையைத் தம் களமாகக் கொண்ட ஒளிப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத், படத்தை ஒரு முடிந்த பொருளாகவே ஏற்பதில்லை. செய்தி நிறுவனத்தில் படப்பிடிப்பாளராக இருந்தவர் அவர். எதிர்மறைத் தகட்டின் மீது கீறுகிறார்; அச்சின் மீது எழுதுகிறார், வண்ணம் பூசுகிறார். முகம் ஓர் ஆவணம் என்னும் நம்பிக்கையைச் செய்தித் துறையிலிருந்து வெளியேறிய ஒருவரே குலைப்பது பொருத்தமானது. விடுதலை வீரரின் பெயரைத் தாங்கிய ஒருவர், தன் பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் மனத்தில் வேறொரு முகம் எழுவதை நாள்தோறும் கண்டிருப்பார் என நினைத்துக்கொள்வதுண்டு.

*

முஸ்லிம் கலை மரபில் உருவப்படமே இல்லை என்று நம்மவரும் பிறரும் ஒருசேரச் சொல்வது வழக்கம். முகலாய ஓவியத்தை அறிந்தவர் அவ்வாறு சொல்ல மாட்டார். அக்பர் தம் அரசவையினர் அனைவரின் உருவங்களையும் வரையச் செய்து தொகுதியாக்கினார் என அபுல் ஃபஸ்ல் பதிவு செய்கிறார். உயிரும் தனித்தன்மையும் தன்னால் தர இயலாதவை என்பதை ஒவ்வொரு கோட்டிலும் உணரும் ஓவியன் இறைவனை அறியும் வழியில் நிற்கிறான் என்பது அக்பரின் வாதமாக அங்கே காணப்படுகிறது. உலமாக்கள் அனைவரும் இதை ஏற்றார்கள் என்பதற்கில்லை. ஜஹாங்கீரின் காலத்து அபுல் ஹஸன் போன்றோரின் படங்களில் மன்னரின் கண்ணடிச் சதைகூடத் தப்புவதில்லை. நம் மண்ணுக்கு வந்தால், 1769-இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டிலும், அவருக்குப் பின் ஜார்ஜ் வில்லிசனும் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவை ஆளுயர எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினர். கடனில் மூழ்கியிருந்த அந்த நவாப், தன் அரசுரிமையைச் சீமையில் நிலைநாட்ட உருவப்படத்தை ஓர் அரசியல் கருவியாகக் கையாண்டார். வெள்ளை மஸ்லின் அங்கியும் முத்துச்சரமும் அணிந்து அவர் நிற்கும் தோரணையில் எத்தனை தன்னம்பிக்கை, எத்தனை பதற்றம்!

இவை அரண்மனைகளின் செய்திகள். மக்கள் மரபு வேறு வழியில் சென்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவை எவரும் வரையத் துணியாத நிலையில், அவர்களைக் கண்டோர் சொல்லிய வருணனைகளை இமாம் திர்மிதீ 'ஷமாயில்' என்னும் நூலில் தொகுத்தார். உயரம், நிறம், நடை, ஒருபுறம் திரும்பினால் முழு உடலோடும் திரும்பும் பாங்கு, புன்னகை என அனைத்தும் சாட்சியின் பெயரோடு பதிவாகியுள்ளன. பதினேழாம் நூற்றாண்டு இஸ்தான்புல்லில் ஹாஃபிஸ் உஸ்மான் என்னும் எழுத்தணிக் கலைஞர், அலீ (ரலி) அவர்கள் வழி வந்த வருணனையை வட்டத்துக்குள் எழுதி, நான்கு மூலைகளிலும் நாற்பெரும் கலீஃபாக்களின் பெயர்களைப் பொறித்து, சுவரில் மாட்டத்தக்க 'ஹில்யா' என்னும் வடிவத்தை நிலைப்படுத்தினார். கண்ணால் காணும் உருவப்படம் நிற்க வேண்டிய இடத்தில் படிக்கும் உருவப்படம் நின்றது. தமிழில் உமறுப்புலவரின் சீறாப்புராணமும், நாயகத்தின் மீது பாடப்பட்ட பிள்ளைத்தமிழ்களும் தமிழ்க் காப்பிய, சிற்றிலக்கிய மரபுகளைக் கொண்டு இதே பணியைச் செய்தன. ஷமாயிலின் கூர்மைக்கு ஓர் அடிப்படை உண்டு: ஒவ்வொரு கூறும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கண்ணால் கண்டது, அவர் பெயர் சங்கிலியில் உள்ளது. பார்த்தவன் யார் என்பதை மறைக்காத உருவப்படம் அது. நவீன விமர்சகர்கள் பெருமுயற்சியுடன் வந்தடைந்த இந்த இடத்தில் ஹதீஸ் கலை பன்னெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறது.

எம். எஃப். ஹுசைனின் முகமற்ற பெண்களையும் இங்கு நினைக்கலாம். தான் குழந்தையாக இருந்தபோதே தாய் மறைந்துவிட்டதால் அவர் முகம் நினைவில் இல்லை என்பதை அவரே பலமுறை கூறியுள்ளார். அன்னை தெரசா வரிசையில் நீலக்கரை வெள்ளைச் சேலை உண்டு, அணைக்கும் கைகள் உண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருள் உண்டு. அவருடைய பிற படைப்புகள் குறித்தும், 2010-இல் கத்தார் குடியுரிமை ஏற்று 2011-இல் லண்டனில் மறைந்தது குறித்தும் வாதங்கள் ஓயவில்லை. அந்த இருளை மட்டும் நான் தனியே எடுத்து வைத்துக்கொள்கிறேன். தாயின் படம் எந்தப் பெட்டியிலும் கிடைக்காத ஒரு மகன் வரைந்த உருவப்படங்கள் அவை.

*

பார்த்தவன் பெயரைப் பற்றிப் பேசும்போது மக்காவின் ஒரு நிகழ்வைச் சொல்லாமல் விட இயலாது. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1885-இல் அப்துல் கஃப்பார் என்னும் பெயருடன் மக்காவில் தங்கினார். அவருக்கு அங்கே பழக்கமான மருத்துவர் ஒருவரின் பெயரும் அப்துல் கஃப்பார்தான். ஒளிப்படக் கலையில் தேர்ந்த அந்த மருத்துவர், ஸ்னூக் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட பின்னரும் ஹாஜிகளையும் மக்காவாசிகளையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். தகட்டிலேயே அரபியில் தன் பெயரைப் பொறிப்பது அவர் வழக்கம். 1889-இல் அப்படங்கள் ஐரோப்பாவில் நூலாக வெளிவந்தபோது அப்பொறிப்புகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருந்தன. மக்காவின் முதல் உள்ளூர் ஒளிப்படக் கலைஞரின் பெயர், பிற்கால ஆய்வாளர்கள் மூலப்படிகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வெளியில் தெரிந்தது. முன்னிருந்த முகங்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. பின்னிருந்த கண்ணின் பெயர் மட்டும் சுரண்டப்பட்டது.

இதைப் படித்த நாளில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். என் பாட்டியாரின் தமையனாருடையது. கடல் கடந்து போகுமுன் எடுத்தது. துருக்கித் தொப்பி, கோட்டு, வலக்கை ஒரு முக்காலியின் மேல். முகம் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஈரம் ஏறி, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புக் கறைகளே எஞ்சியுள்ளன. அட்டையின் பின்புறத்தில் நிலையத்தின் முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பாட்டியார் அரபுத்தமிழில் எழுதியிருக்கிறார்: தகப்பனார் பெயர், தாயார் பெயர், கப்பலேறிய கிழமை, ஸஃபர் மாதப் பிறை பதினொன்று, போகும்போது இடக்காலில் புண் இருந்தது என்று. மை இன்னும் கருப்பாகவே இருக்கிறது.